யார் கேட்கப் போகிறார்கள்?

என் தங்கையின் மகளுக்கு என் எழுத்தில் ஒரு வரி கூடப் படிக்கத் தெரியாது. பதினோரு நாவல் எழுதியவன் இதை வெளியில் சொல்லிக்கொள்ளலாமா என்று சற்று யோசித்தேன். சொல்லிவிடுவதுதான் நல்லது. இந்தக் கட்டுரையே அதிலிருந்துதான் கிளம்புகிறது.

2022-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தை ஒட்டிய ஒரு சிற்றூரில் இருக்கும் தங்கை வீட்டில் போய் இறங்கினேன். ஏழு வாரம் தங்குவதாக ஏற்பாடு. பெட்டியில் ஒரு பாதி வடகமும் அப்பளமும். மறு பாதி என் புத்தகங்கள். வடகத்துக்குக் கிடைத்த வரவேற்பு புத்தகங்களுக்குக் கிடைக்கவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண் ஒரு நாவலைக் கையில் எடுத்து, அட்டையைத் தடவிப் பார்த்து, "படம் நல்லா இருக்கு மாமா" என்று சொல்லிவிட்டுக் கீழே வைத்துவிட்டாள். அந்தப் படத்தை வரைந்தவர் கேட்டால் சந்தோஷப்படுவார்.

அன்று இரவு தங்கை சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, நீங்கதான் அவளுக்குப் புத்தி சொல்லணும். இந்த வருஷம் தமிழ் வகுப்புக்குப் போகவே மாட்டேன்னு ஒரே அடம். வாரத்துக்கு ஒரு நாள், ரெண்டு மணி நேரம். அதுக்கு இந்தப் பாடு!"

நான் புத்தி சொன்னேன். நூறு மேடையில் பேசிப் பழகிய நாக்கு. இரண்டாயிரம் வருஷத்து இலக்கியம், வள்ளுவர், கம்பர், கடல் கடந்து போன சோழர் எல்லோரையும் வரவழைத்து அந்தச் சோபாவில் உட்கார வைத்தேன். குழந்தை மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நான் மூச்சு வாங்கியபோது ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"மாமா, நான் படிச்சா யாரு கேக்கப் போறா?"

எனக்குப் பதில் தெரியவில்லை. "நான் கேட்கிறேன்" என்று சொல்லியிருக்கலாம். அது அப்போது தோன்றவில்லை. மேடைப் பேச்சில் பழகியவனுக்குத் தோன்றாது.

அடுத்த வீட்டில் ஒரு யூதக் குடும்பம். அங்கே இவளுக்குச் சிநேகிதி ஒருத்தி, இவளைவிட ஒரு வயது மூத்தவள். மாலை வேளைகளில் அவள் பின்பக்கத்துப் படிக்கட்டில் உட்கார்ந்து, மடியில் ஒரு தாளை வைத்துக்கொண்டு, எதையோ பாடிக்கொண்டிருப்பாள். முதல் நாள் ஏதோ சினிமாப் பாட்டு என்று நினைத்தேன். இரண்டாம் நாள் சுலோகம் மாதிரி இருந்தது. மூன்றாம் நாள் வேலி ஓரமாகப் போய் நின்று கேட்டேன். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பப் பாடினாள். தொண்டை ஏறி இறங்கி நடுங்கி ஏறி இறங்கியது. நம் ஊர்ப் பாடகர் யாராவது கேட்டால் 'பிருகா நன்றாக விழுகிறது' என்பார். அவளுக்குத் திருப்தியில்லை போலும். தலையில் அடித்துக்கொண்டு மறுபடி ஆரம்பித்தாள்.

நவம்பர் 12-ஆம் தேதி சனிக்கிழமை அவள் ஜெபாலயத்தில் எல்லோர் முன்னிலையிலும் தோராச் சுருளிலிருந்து வாசிக்க வேண்டுமாம். யூதர்களில் ஆண் பிள்ளைக்குப் பதின்மூன்று வயதானால் அவன் கட்டளைகளுக்குப் பொறுப்பாளி. 'பார் மிட்ஸ்வா' என்பார்கள். பெண்ணுக்கு 'பாத் மிட்ஸ்வா'. ஆசாரமான சபைகளில் பெண்கள் சுருளிலிருந்து சபை முன் வாசிப்பதில்லை. இவர்களுடைய சபையில் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே வரிசை. இந்த ஒரு நாளைக்காக அந்தப் பெண் ஆறு வயதிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையும் புதன்கிழமை மாலையும் ஜெபாலயத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்க்கொண்டிருக்கிறாள். கடைசி ஒரு வருஷம் தனிப் பாடம் வேறு.

"அவ மட்டும் எப்படிடி போறா?" என்று தங்கை மகளைக் கேட்டேன்.

"அவளுக்கும் பிடிக்காது மாமா. ஆனா நவம்பர்ல எல்லாரும் வந்து உக்காருவாங்கல்ல?" என்றாள்.

நான் கதை எழுதுகிறவன் என்று தங்கை சொல்லியிருப்பாள் போலிருக்கிறது. அடுத்த வீட்டு அம்மாள் ஜெபாலயத்து ஆசிரியையிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு வரச் சொல்லி அழைப்பு வந்தது. வெறுங்கையோடு குழந்தைகளைப் பார்க்கப் போகலாமா? தங்கையைக் கிளறச் சொல்லி ஒரு டப்பா மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன். தங்கை மகளும் பொழுது போகாமல் கூட வந்தாள்.

வாசலில் துப்பாக்கியோடு ஒரு காவலாளி நின்றார். பள்ளிக்கூட வாசலில் இலந்தைப் பழம் விற்கிற கிழவியைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அது என்னவோ போல் இருந்தது. அதே பென்சில்வேனியா மாநிலத்தின் மறு கோடியில், பிட்ஸ்பர்க் நகரத்தில், 2018-ஆம் ஆண்டு அக்டோபர் 27-ஆம் தேதி, சனிக்கிழமைக் காலைப் பிரார்த்தனைக்குக் கூடியிருந்தவர்களை ஒருவன் புகுந்து சுட்டான். பதினொரு பேர் இறந்தார்கள். அதற்கப்புறம் எழுத்துக் கற்க வருகிற ஆறு வயதுக் குழந்தையும் இந்த மனிதரைத் தாண்டித்தான் உள்ளே போகவேண்டியிருக்கிறது. அவர் குழந்தைகள் ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். என் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தார்.

டப்பா உள்ளே போகவில்லை. அது அவரால் அல்ல. வீட்டில் செய்த பண்டம் ஜெபாலயத்துக்குள் வரக்கூடாது. பாலும் மாமிசமும் ஒன்றையொன்று தொடாத ஆசாரச் சமையலறை அவர்களுடையது. யாருடைய பாத்திரத்தில் என்ன வெந்தது என்று எப்படித் தெரியும்? என் பாட்டி உயிரோடு இருந்தால் அந்த மடைப்பள்ளியை மெச்சியிருப்பாள். மைசூர்பாகு காரிலேயே இருந்தது.

ஆசிரியை எழுபது வயதுக்கு மேற்பட்டவர். குட்டையாக, வெள்ளை வெளேரென்ற கிராப்புத் தலை, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் மூக்குக் கண்ணாடி. நாற்பது வருஷத்து ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே கொடுத்திருக்கிறார். முதலில் சிறுவர் வகுப்புக்கு அழைத்துப் போனார். ஒரு தகர உண்டியல் கைக்குக் கை போயிற்று. ஒவ்வொரு குழந்தையும் ஒரு காசு போட்டது. தர்மத்துக்கு எடுத்துவைத்த பிறகுதான் பாடம்.

சுவரில் ஹீப்ரு எழுத்துக்கள். இருபத்திரண்டு. அவற்றில் ஐந்துக்குச் சொல்லின் கடைசியில் வேறு உருவம். வலமிருந்து இடமாகப் போகும் எழுத்து. ஆகையால் நாம் புத்தகத்தை முடிக்கிற பக்கத்தில் அவர்கள் ஆரம்பிக்கிறார்கள். மத்திய காலத்து ஜெர்மனியில், குழந்தையை முதல் முதலாகப் பாடத்துக்குக் கொண்டுவரும் நாளில், பலகையில் எழுதிய எழுத்துக்களின் மேல் தேனைத் தடவி நக்கச் சொல்வார்களாம். இந்த அம்மாளும் வருஷாவருஷம் அட்டையில் எழுதித் தேன் தடவிக் கொடுக்கிறார். நான் விஜயதசமியைப் பற்றிச் சொன்னேன்: தட்டில் பரப்பிய அரிசி, விரலைப் பிடித்து எழுதவைக்கும் பெரியவர், மலையாளத்தில் தங்க மோதிரத்தால் நாக்கிலே எழுதுவது. எல்லோரும் வாயைப் பிளந்து கேட்டார்கள். ஒரு பொடியன் மட்டும் கையைத் தூக்கி, "அந்த அரிசியை அப்புறம் சாப்பிட்டீர்களா?" என்றான். கதை எழுதுகிறவனுக்கு வேண்டிய குணம் அவனிடம் இருக்கிறது.

"உங்கள் மொழியில் எத்தனை எழுத்து?" என்றார் ஆசிரியை.

"இருநூற்று நாற்பத்தேழு" என்றேன், கொஞ்சம் மார்பை நிமிர்த்தி.

வகுப்பு முழுக்க ஒரு பெருமூச்சு. பன்னிரண்டு உயிர், பதினெட்டு மெய், இரண்டும் கூடி 216, தனியாக ஓர் ஆய்தம் என்று கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினேன். பின்னால் திரும்பிப் பார்த்தேன். தங்கை மகள் முகத்தில் ஒரு வித கர்வம் தெரிந்தது. அதில் பாதி எழுத்து அவளுக்குத் தெரியாது என்பது அங்கே யாருக்குத் தெரியப் போகிறது?

அப்போது தெரிந்துகொண்ட ஒரு விஷயம் என்னை வெகுநேரம் விடவில்லை. ஹீப்ருவில் எழுத்துக்கள் மெய்கள்தான். உயிரொலிகளைக் கீழும் மேலும் புள்ளியும் கோடுமாகப் போட்டுக் காட்டுவார்கள். சிறுவர் புத்தகத்திலும் பிரார்த்தனைப் புத்தகத்திலும் அவை உண்டு. தோராச் சுருளில் கிடையாது. எழுத்தர் தோலில் கையால் எழுதுகிற மூன்று லட்சத்துச் சொச்சம் எழுத்துக்களில் ஒரு புள்ளி இல்லை. வாக்கியம் எங்கே முடிகிறது என்பதற்கு அடையாளமும் இல்லை. எப்படிப் பாடுவது என்பதற்குக் குறியும் இல்லை. பதின்மூன்று வயதுப் பெண் அந்த மொட்டை எழுத்தைப் பார்த்து, உயிரையும் ராகத்தையும் தன் நெஞ்சிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

நம் ஏட்டுச்சுவடிகளும் அப்படித்தானே இருந்தன? ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும். ஆகவே மெய்க்குப் புள்ளி கிடையாது. எகரமா ஏகாரமா என்பது படிக்கிறவனுடைய புத்தியைப் பொறுத்தது. அதற்கு வேறு வேறு உருவம் கொடுத்தவர் இத்தாலியிலிருந்து வந்த வீரமாமுனிவர். உ.வே.சாமிநாதையர் சுவடிகளோடு எத்தனை போராடினார் என்பது நமக்குத் தெரியும். சுவடி மட்டும் இருந்தால் போதாது. அதை வாசிக்கக் கேட்ட ஒரு காது வேண்டும். அந்தக் காதுச் சங்கிலி அறுந்துபோன இடங்களில்தான் ஐயர் தவித்தார்.

பாடக்குறிகளைச் சொல்லிக்கொடுக்கும் விதம் நம் ஸரளி வரிசையைப் போன்றதுதான். ஒவ்வொரு குறிக்கும் ஒரு பெயர். அந்தப் பெயரை அதனதன் மெட்டிலேயே பாடிப் பழகுகிறார்கள். பிறகு பெயர் இருந்த இடத்தில் வேதச் சொல் வந்து உட்காருகிறது. பழகுவதற்கென்று ஒரு புத்தகம் வைத்திருக்கிறார்கள். ஒரு பத்தியில் புள்ளியும் குறியும் போட்ட பாடம். பக்கத்திலேயே சுருளில் உள்ளபடி மொட்டையாக அதே பாடம். முதல் பத்தியைக் கையால் மூடிக்கொண்டு இரண்டாவதைப் படிக்கவேண்டும். மூடிய கை மெல்ல நகர்ந்து எட்டிப் பார்க்கும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த அம்மாளுக்குப் பழங்கதை சொல்வதில் ஆசை. முதல் நூற்றாண்டில் யோசுவா பென் கம்லா என்று ஒரு பிரதான ஆசாரியர் இருந்தார். அதற்கு முன்னால் தகப்பன்தான் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். தகப்பனில்லாப் பிள்ளை படிப்பில்லாமலே போகும். ஊருக்கு ஊர் வாத்தியாரை வைத்து, ஆறு ஏழு வயதில் பிள்ளைகளைக் கொண்டுவந்து விடவேண்டும் என்று அவர் ஏற்பாடு செய்தார். தல்மூத் என்னும் அவர்களுடைய பெரிய நூலில் இதற்குக் கணக்கே இருக்கிறது. ஒரு வாத்தியாருக்கு இருபத்தைந்து பிள்ளை. ஐம்பதானால் இரண்டு வாத்தியார். நாற்பதானால் ஒரு துணை வாத்தியார். அடிப்பதானால் செருப்பு வாரால் மட்டும். படிப்பு ஏறாத பிள்ளையா? விரட்டாதே, மற்றவர்களோடு கூட உட்கார்ந்திருக்கட்டும்.

'கூட உட்கார்ந்திருக்கட்டும்' என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எட்டாம் வகுப்பில் என்னை அப்படி உட்காரவிடவில்லை. எங்கள் பக்கத்து நாக்குக்கு 'ழ' வராது. வாழைப்பழம் 'வாளப்பளம்' ஆகிவிடும். என் தமிழ் வாத்தியார் என்னைப் பெஞ்சின் மேல் ஏற்றி அந்த ஒரு வார்த்தையைப் பத்துத் தரம் சொல்ல வைத்தார். ஒவ்வொரு தரமும் வகுப்பு சிரித்தது. எழுத்தில் ழகரம் தப்பாமல் வருகிறது. யாரும் கேட்க முடியாதே! நான் எழுத்தாளன் ஆனதற்கு அந்தப் பெஞ்சும் ஒரு காரணமோ என்னவோ. அந்த நாளிலிருந்து, ஒரு குழந்தை தப்பாகப் படித்தால் திருத்துவதற்கு எனக்கு வாய் எழுவதில்லை.

ஞாயிற்றுக்கிழமைப் பள்ளிக்கூடம் என்பதே அமெரிக்க யூதர்களிடையில் பிலடெல்பியாவில் பிறந்தது. ரெபெக்கா கிராட்ஸ் என்ற அம்மையார், தாம் மணம் செய்துகொள்ளாமலே இருந்து, 1838-இல் அதைத் தொடங்கினார். கிறிஸ்தவர்கள் நடத்தி வந்த ஞாயிறு பள்ளியைப் பார்த்துத்தான் செய்தார். ஆணும் பெண்ணும் படிக்கலாம், கட்டணம் கிடையாது, சொல்லிக்கொடுப்பவர்களும் பெண்கள். யூதக் குழந்தைகளுக்கென்று பாடப் புத்தகம் ஏது? கிறிஸ்தவப் பாடப் புத்தகத்தையே வாங்கி, தங்களுக்கு ஒவ்வாத பகுதிகளின் மேல் காகிதம் ஒட்டி மறைத்துவிட்டுப் பாடம் நடத்தினார்களாம். ஒட்டிய காகிதத்துக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்காத குழந்தை எந்த மதத்தில் உண்டு?

பதின்மூன்று வயதானதும் பிள்ளைகள் பரிசுகளை வாங்கிக்கொண்டு ஓடிவிடுகிறார்கள் என்பதுதான் அம்மாளுடைய பெரிய குறை. நிற்கிற சிலர் சின்ன வகுப்புக்களுக்கு உதவி ஆசிரியர்களாக இருக்கிறார்கள். பதினைந்து பதினாறு வயதுக்காரர்களுடைய வகுப்பில் அரை மணி உட்கார்ந்தேன். நாற்காலியில் ஒருவன் கூட நேராக உட்காரவில்லை. சோதோம் நகரத்தைக் கடவுள் அழிக்கப் போவதாகச் சொல்ல, ஆபிரகாம் பேரம் பேசுகிற இடம் பாடம். ஐம்பது நல்லவர் இருந்தால் விட்டுவிடுவாயா? நாற்பத்தைந்து? நாற்பது? இப்படிக் கத்தரிக்காய்க் கடையில் மாதிரிப் பேசிப் பேசிப் பத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறார். "ஏன் பத்தோடு நிறுத்தினார்? ஒன்றுக்குக் கேட்டிருக்கலாமே!" என்று ஒரு பையன் கோபமாகக் கேட்டான். நான் கடவுளை நம்பவில்லை, ஆனாலும் அவர் செய்தது அநியாயம் என்றாள் ஒரு பெண். அம்மாள் அவளைக் கண்டிக்கவில்லை. "நம்பாதவள் இவ்வளவு கோபித்துக்கொள்கிறாயே, நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போனார். கேள்வி கேட்டால் வாயை மூடு என்று சொல்லும் ஆன்மிகத்தில் வளர்ந்த எனக்கு அந்த அரை மணி போதவில்லை.

அடுத்த வீட்டுப் பெண் வாசிக்க வேண்டிய பகுதியும் அதுதான். ஆபிரகாமின் பேரமும், அதற்கடுத்து லோத்து என்பவன் சோதோமை விட்டுக் கிளம்புவதும். வருஷத்தில் ஒவ்வொரு சனிக்கிழமைக்கும் தோராவில் ஒரு பகுதி உண்டு. பிட்ஸ்பர்க்கில் சுட்ட அந்தச் சனிக்கிழமைக்கு உரிய பகுதியும் இதுவே. நான்கு வருஷம் கழித்து அது இந்தப் பெண்ணின் பங்காக வந்திருக்கிறது. அவளுடைய தாயார் ஒரு நாள் எங்கள் சமையலறையில் காப்பி குடித்துக்கொண்டே இதைச் சொன்னாள். வேறு வாரம் மாற்றிக்கொள்ளலாமா என்று அவளுடைய மாமியார் கேட்டாராம். பெண் ஒப்பவில்லை. "ஒரு வருஷமாக இதைப் படித்திருக்கிறேன். வேறு படிக்கமாட்டேன்" என்றாளாம். பிடிவாதமா, தைரியமா, அல்லது புதிதாகப் படிக்கச் சோம்பலா? "மூன்றும்தான்" என்றாள் தாயார். சிரித்தாள். ஆனால் காப்பிக் கோப்பை கையில் ஆடியது.

தனிப் பாடத்துக்கும் எங்கள் இருவரையும் கூட வரச் சொன்னார் அம்மாள். நான் வேலியோரம் கேட்ட அந்த இடம் எது என்று அன்று தெரிந்தது. தூதர்கள் ஊரைவிட்டு ஓடு என்கிறார்கள், லோத்து தயங்குகிறான். 'தயங்கினான்' என்னும் அந்த ஒரு சொல்லின் மேல் மின்னல் கீற்றுப் போல் ஒரு குறி. 'ஷல்ஷெலெத்', அதாவது சங்கிலி, என்று அதற்குப் பெயர். தோரா ஐந்து நூல்களிலும் சேர்த்து நாலே நாலு இடத்தில்தான் வருகிறது. அந்தச் சொல்லைவிட்டு நகர முடியாதபடி குரல் அங்கேயே ஏறி இறங்கிச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். யார் அந்தக் குறியைப் போட்டாரோ, அவர் வீட்டைவிட்டுப் போக மனமில்லாதவனை நேரில் பார்த்திருக்கிறார்.

"தப்பா பாடிட்டா என்ன பண்ணுவாங்க?" என்று தங்கை மகள் கேட்டாள். எனக்கு ஆச்சரியம், அந்த அறையில் அவள் பேசுவாள் என்று நான் நினைக்கவில்லை.

வாசிப்பவருக்கு இரண்டு பக்கமும் இரண்டு பேர் புத்தகத்தை வைத்துக்கொண்டு நிற்பார்கள் என்றார் அம்மாள். சபையில் மற்றவர்களும் கையில் புத்தகத்தோடு தொடர்ந்து வருவார்கள். பொருள் மாறும்படி தப்பு வந்தால் உடனே சொல்லவேண்டும். வாசிக்கிறவர் திரும்பிப் போய்ச் சரியாக வாசிக்க வேண்டும். பொருள் மாறாத சின்னத் தப்பானால் விட்டுவிடலாம். "சொல்லும்போது மெதுவாகச் சொல்லவேண்டும். நாலு பேர் நடுவில் ஒருவரை முகம் வெளுக்க வைப்பதை ரத்தம் சிந்துவதற்குச் சமமாக எங்கள் பெரியவர்கள் வைத்திருக்கிறார்கள். ஆனால் சொல்லாமல் இருந்துவிடுவது மரியாதை ஆகாது. நீ படிப்பதை யாரும் கேட்கவில்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?"

தங்கை மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் ஜன்னல் வழியே மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 12. வாசலில் கூடை நிறையச் சின்னத் தொப்பிகள். நம் ஊரில் கோயில் வாசலில் தலைத்துண்டை எடுத்து இடுப்பில் கட்டுவோம். அங்கே தலையை மூடிக்கொண்டு உள்ளே போகவேண்டும். என் வழுக்கையில் அது நிற்கவில்லை. மூன்று தரம் குனிந்து எடுத்தேன். உட்கார்ந்ததும் வழக்கப்படி குறிப்புப் புத்தகத்தையும் பேனாவையும் எடுத்தேன். பக்கத்திலிருந்த கிழவர் என் கையின் மேல் தம் கையை வைத்தார். ஓய்வு நாளில் எழுதக்கூடாது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக எழுதாமல் ஒரு காட்சியைப் பார்த்தேன். அதனால்தான் அவ்வளவும் ஞாபகம் இருக்கிறது.

பெட்டகத்திலிருந்து சுருளை எடுத்து, உற்சவ மூர்த்தியை ஏளப்பண்ணுவது போல ஒரு சுற்று வந்தார்கள். பட்டு உறையைக் களைந்து மேஜையில் விரித்தார்கள். தோலைக் கையால் தொடக்கூடாது. நுனியில் சின்ன விரல் செய்து வைத்த வெள்ளிக் கோல் ஒன்று. அந்தப் பெண் அதைக் கையில் எடுத்தாள். அமெரிக்காவில் முதல் பாத் மிட்ஸ்வா என்று சொல்லப்படுவது, 1922-ஆம் ஆண்டு மார்ச் 18-ஆம் தேதி நியூயார்க்கில் ஜூடித் கப்லான் என்ற பன்னிரண்டு வயதுச் சிறுமிக்கு நடந்தது. அன்று அவள் சுருளுக்கு அருகே போகவில்லை. தள்ளி நின்று தன் அச்சுப் புத்தகத்திலிருந்து வாசித்தாள். நூறு வருஷத்தில் அந்தச் சில அடி தூரம் நடந்து வந்து சேர்ந்தாயிற்று.

பெண் ஆரம்பித்தாள். இருநூறு பேர் இருக்கலாம். அத்தனை பேரும் தலை குனிந்து புத்தகத்தில் விரலை ஓட்டிக்கொண்டு வந்தார்கள். கச்சேரியில் தாளம் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இப்படி ஒரு குழந்தையின் வாயையே பிடித்துக்கொண்டு ஒரு சபை நடப்பதைப் பார்த்ததில்லை. தாயார் முதல் வரிசையில் கதவைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள். லோத்துவின் தயக்கம் வந்தது. குரல் ஏறி, இறங்கி, நடுங்கி, ஏறி, முழுசாக முடிந்தது. தாயாரின் தலை அதற்கப்புறம் திரும்பவில்லை.

கஷ்டமான இடத்தைத் தாண்டிவிட்ட அலட்சியத்தில், இரண்டு வரி தள்ளி ஒரு சுலபமான சொல்லில் பெண் தடுக்கினாள். மூன்று இடத்திலிருந்து அந்தச் சொல் வந்தது: பக்கத்தில் நின்றவரிடமிருந்து, நடு வரிசையில் யாரோ ஒருவரிடமிருந்து, என் பக்கத்துக் கிழவரிடமிருந்து. கிழவர் உதட்டை அசைத்தாரே தவிரச் சத்தம் வரவில்லை. யாரும் சிரிக்கவில்லை. பெண் அரை அடி பின்னால் போவது போலப் போய், சொல்லைத் திருத்தி எடுத்துக்கொண்டு மேலே நடந்தாள். முகம் வெளுக்கவில்லை, கொஞ்சம் சிவந்தது, அவ்வளவுதான்.

முடிந்ததும் நாலா பக்கத்திலிருந்தும் அவள் மேல் மிட்டாய் வந்து விழுந்தது. அது வழக்கமாம். அடிபடக்கூடாதென்று மெத்தென்ற மிட்டாயாக வாங்கியிருந்தார்கள். சின்னக் குழந்தைகள் தேருக்கு முன்னால் காசு பொறுக்குவது போல மேடைக்கு ஓடின. தங்கை மகளும் ஓடினாள். பன்னிரண்டு வயதுக்கு அது தகுமா என்று தங்கை பல்லைக் கடித்தாள். கை நிறைய வாரிக்கொண்டு வந்து எனக்கு ஒன்று கொடுத்தாள்.

நாலாம் நாள் நான் ஊருக்குப் புறப்பட்டேன். தமிழ் வகுப்பைப் பற்றி நானும் பேசவில்லை, தங்கையும் பேசவில்லை. விமான நிலையத்துக்குப் போகும் வழியில் காரின் பின் ஆசனத்தில் நானும் குழந்தையும் உட்கார்ந்திருந்தோம். நடுவில் என் கைப்பை. அதிலிருந்து ஒரு நாவல் துருத்திக்கொண்டிருந்தது. அவள் அதை உருவி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படத்தைப் பார்க்கவில்லை. விரலை எழுத்தின் மேல் வைத்து, உதட்டை அசைத்து, ஒவ்வொன்றாகக் கூட்டினாள். 'க்'கன்னாவுக்கும் 'கு'னாவுக்கும் நடுவில் வெகுநேரம் நின்றாள். ஒரு மைல் தாண்டியிருக்கும்.

"மலைக்குப் பின்" என்றாள்.

நாவலின் பெயர் 'மழைக்குப் பின்'. மலைக்குப் பின்னும் ஒன்றும் மோசமான தலைப்பல்ல. அப்படி ஒரு நாவலை யாராவது எழுதலாம். முன் ஆசனத்தில் தங்கை கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தாள். எனக்கு எட்டாம் வகுப்புப் பெஞ்சு ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டு, "பலே" என்று சொல்லி முதுகில் தட்டிவிடலாம். விமானம் ஏற இன்னும் இரண்டு மணி நேரம்தான்.

ஆனால் பொருள் மாறுகிறதே!

"மழை" என்றேன், மெதுவாக.

அவள் என்னை முறைத்தாள். பிறகு குனிந்து, விரலைப் பின்னுக்கு நகர்த்தி, 'ம'வில் வைத்தாள்.